ரெண்டு பேர் டீச்சர்

பிள்ளைகள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் ‘ரெண்டு பேர் டீச்சர்’. யார் எதைச் சொன்னாலும், “ரெண்டு பேர்கிட்ட கேட்டியா?” என்பார். வீட்டிலும் அதே கதைதான். வெளியே மழை என்று கணவர் சொன்னால், மகளிடமும் கேட்டுவிட்டுத்தான் குடையை எடுப்பார். பதினோரு வருஷம் நிருபராக இருந்தவர், பழக்கம் லேசில் விடுமா?

பள்ளியின் பத்திரிகைக் குழு அவர் பொறுப்பு. பாடமாக நடத்தினால் பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். சரி, விளையாட்டாகவே ஆக்கிவிடுவோம் என்று இறங்கிவிட்டார். ஒரு செய்திக்குப் பத்துச் சீட்டுகள், சீட்டுக்கு ஒரு தகவல். அதில் ஒன்று புளுகு. ஓடி ஓடி விசாரித்துப் புளுகுச் சீட்டைப் பிடிக்கிற அணிக்கு மிட்டாய். விசாரிக்காமல் எழுதினால் அவுட். வாட்ச்மேனைக்கூட விட்டுவைக்காமல் துளைத்தெடுத்தார்கள்.

தலைமையாசிரியைக்கு இந்தக் கூத்து பிடிக்கவில்லை. “இந்த வருஷமாவது பள்ளிகளுக்கான செய்திப் போட்டியில கோப்பை வரணும். இல்லேன்னா உங்க பத்திரிகை ரூமை ஸ்டோர் ரூம் ஆக்கிடுவேன்” என்று கறாராகச் சொல்லிவிட்டார். டீச்சருக்கோ அந்த அறை என்றால் உயிர்.

போட்டி ஒரு நூலகத்தில் நடந்தது. அந்த நூலகத்தைப் பற்றிய விவரங்களை ஒரு தாளில் கொடுத்து, ஒரு மணி நேரத்தில் செய்தியாக்கச் சொன்னார்கள். மற்ற பள்ளிப் பிள்ளைகள் தலை நிமிராமல் எழுதினார்கள். நம் அணியின் நாலு பேரோ தாளை வாங்கியதும் எழுந்து ஓடினார்கள். தூர நின்று பார்த்த டீச்சர் தலையில் கைவைத்தார். போட்டியில் புளுகுச் சீட்டு கிடையாது என்று சொல்லித்தர மறந்தே போயிருந்தார்! இப்போது வாய் திறந்தால் அணியையே வெளியேற்றிவிடுவார்கள். பத்து நிமிஷம் இருக்கும்போது மூச்சிரைக்கத் திரும்பியவர்கள் எழுதியது வெறும் ஆறு வரி.

பரிசளிப்பில் நடுவர் அந்த ஆறு வரியைத்தான் வாசித்தார். “‘ஐயாயிரம் புத்தகங்கள் என்று தாளில் உள்ளது. மூவாயிரம்தான் என்கிறார்கள் நூலகரும் அவர் உதவியாளரும்.’ நாங்க வேணும்னு வைச்ச பொய் இல்லீங்க இது, எங்க தப்பு. இத்தனை பேர்ல இவங்க மட்டும்தான் போய்க் கேட்டாங்க.”

கோப்பை கைக்கு வந்தபோது டீச்சர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார், கண்ணில் நீர் முட்ட.

மறுநாள் காலைக் கூட்டத்தில் தலைமையாசிரியை மைக்கைப் பிடித்தார். “நாற்பது பள்ளிகளை நம்ம பிள்ளைங்க ஜெயிச்சிருக்காங்க!”

நாலு கைகள் உயர்ந்தன. “பதினெட்டு, மேடம். நாங்க எண்ணினோம்.”

மைதானமே சிரித்தது. முகம் சிவந்த தலைமையாசிரியையும் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். “சரிப்பா, பதினெட்டு. உங்க ரூமை இனி யாரும் தொட மாட்டாங்க, போதுமா?”

நால்வரில் குட்டையான பெண் நோட்டைத் திறந்தாள்.

“நீங்க சொன்னதாப் போட்டுக்கலாமா, மேடம்?”