கலிங்கின் மேல் போட்ட பலகைகள்

அந்த வருஷம் கலிங்கின் மேல் பலகை போட்டவன் நான்தான். மேலிடத்து உத்தரவு, போட்டேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உத்தரவு வந்தது நிஜம். ஆனால் அதற்கு முன்னால் கரை பத்திரமாக இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவனும் நான்தான்.

முப்பதுகளில் நான் புதுச்சேரியில் மராமத்து வேலை பார்த்தேன். மேஸ்திரிகளுக்கு மேலே, எஞ்சினீர் துரைக்குக் கீழே. இங்கிலீஷ்காரன் ஊரில் ஓவர்சியர் என்பார்களே, அந்த மாதிரி. பட்டணத்துக்கு மேற்கே இருந்த ஓர் ஏரி என் பொறுப்பு. அதன் பெயர் இங்கே வேண்டாம். வயலுக்காக வெட்டிய ஏரிதான், ஆனால் என் காலத்தில் அது ஞாயிற்றுக்கிழமை ஏரியாக மாறியிருந்தது. மாதா கோயிலில் பூசை முடிந்ததும் வெள்ளைக்காரத் தெருவிலிருந்து, ஆள் தள்ளுகிற புஸ்புஸ் வண்டிகள் வரிசையாக வரும். துரைசானிகள் குடை பிடித்துக்கொண்டு படகில் போவார்கள். எங்களைப் போன்ற குடும்பங்கள் கரைமேல் துணி விரித்து, கட்டிக்கொண்டு போன சோற்றைச் சாப்பிட்டபடி அதை வேடிக்கை பார்ப்போம்.

ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் தானாக வழிந்து ஓடைக்குப் போக, கரையின் வடகோடியில் கல்லால் கட்டிய தாழ்வான இடம் ஒன்று உண்டு. அதுதான் கலிங்கு. அதன்மேல் கல்தூண்கள் வரிசையாக நிற்கும். தூண்களுக்கு நடுவே பலகைகளைச் செருகிவிட்டால் தண்ணீர் வழியாமல் இன்னும் ஒன்றரை முழம் ஏறி நிற்கும். படகுத்துறையில் படகு தரை தட்டுகிறது என்று புகார் வந்தது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை படகுப் பந்தயம் நடத்துவதாகவும் ஏற்பாடு. கரையைப் பார்த்து எழுதிக் கொடு என்று துரை கேட்டார். நான் சைக்கிளில் கரைமேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போய்வந்தேன். கரைக்கு அந்தப் பக்கம், வயல் ஓரமாக, அடிவாரத்தில் இறங்கி நடந்து பார்த்திருக்க வேண்டும். சப்பாத்திக்கள்ளியும் முள்ளும் மண்டிக் கிடந்தன. புது வேட்டி கட்டியிருந்தேன். இறங்கவில்லை.

எழுதிக் கொடுத்தேன், பலகை போட்டோம். பந்தய வாரத்தில் மூன்று நாள் விடாத மழை. வெள்ளிக்கிழமை இரவு நின்றது. சனிக்கிழமை காலையில் நான் ஏரிக்குப் போனபோது துறையில் காகிதத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். பெரிய மனிதர்கள் உட்காருவதற்காக வெள்ளைக் கித்தானில் பந்தல் போட்டிருந்தது. படகு தள்ள வீராம்பட்டினத்திலிருந்து வந்திருந்த நாலு மீனவர்கள் கரையில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஏரி தளும்ப நின்றது. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

அப்போது வயல் பக்கமிருந்து ஒரு பெண் சேலையை முழங்கால் மட்டும் தூக்கிச் செருகிக்கொண்டு கரையேறி வந்தாள். கரைக்குக் கீழே இருந்த குடியிருப்பைச் சேர்ந்தவள். முப்பது வயதிருக்கும்.

"ஐயா, எங்க நாத்தங்கால் ஓரமா தண்ணி கொப்புளிக்குது. வந்து பாருங்க."

"மழை பெய்ஞ்சா ஊறத்தாம்மா செய்யும்."

"ஊத்துத் தண்ணி தெளிவா இருக்கும்யா. இது சேறா வருது."

என் கையிலிருந்த வெற்றிலையைக் கீழே போட்டேன். அவள் பின்னால் இறங்கினேன். முள் காலைக் கிழித்தது. கரையின் அடியில், ஒரு தாம்பாளம் அகலத்துக்கு, தண்ணீர் உலை கொதிப்பதுபோல் புரண்டு வந்தது. சுற்றிலும் மணல் சின்ன மேடாகச் சேர்ந்திருந்தது. உள்ளங்கையில் அள்ளினேன். மஞ்சள் நிறம். விரலில் தேய்த்தால் நரநரவென்றது. எங்கள் கரையின் மண்.

கரை கசிவது தப்பில்லை. தெளிந்த தண்ணீர் கசிந்தால் வேடிக்கை பார்க்கலாம். மண்ணோடு வந்தால் கரை உள்ளுக்குள் தின்னப்படுகிறது என்று அர்த்தம். அந்த வழி கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகி, ஒரு கட்டத்தில் மேலே இருக்கிற மண்ணெல்லாம் ஒரேயடியாக உட்கார்ந்துவிடும். இதெல்லாம் எனக்குப் பாடமாகத் தெரியும். அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். நிமிர்ந்து பார்த்தபோது கரை என் தலைக்குமேல் சுவர்போல் நின்றது. அதற்குப் பின்னால் அத்தனை தண்ணீர். எனக்குப் பின்னால் அவர்கள் வீடுகள். ஒரு கிழவர் வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார்.

மேலே ஓடினேன். ஏரியின் மடைக்காரர், மதகு திறந்து மூடுகிறவர், எனக்கு முன்பே விஷயம் தெரிந்து நின்றிருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், அதிகம் பேசாதவர்.

"மொதல்ல பலகைய எடுத்துடலாம்யா. தண்ணி எறங்குனா அழுத்தம் கொறையும்."

"துரை உத்தரவு இல்லாம எப்படிய்யா எடுக்கறது? நாளைக்குப் பந்தயம்."

அவர் கலிங்குப் பக்கமாக நடந்துபோனார். நான் துரைக்கு ஒரு சீட்டு எழுதி, தோரணம் கட்டிக்கொண்டிருந்த ஒருவனிடம் என் சைக்கிளைக் கொடுத்துப் பட்டணத்துக்கு அனுப்பினேன். பிறகு காத்திருந்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேலே காத்திருந்தேன். ஐந்தாறு தடவை இறங்கிப் போய் ஊற்றைப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அகலமாகியிருந்தது. தண்ணீருக்குப் பயந்தேனா, துரைக்குப் பயந்தேனா என்றால், அந்த ஒரு மணி நேரமும் துரைக்குத்தான் அதிகம் பயந்தேன். வேலை போய்விட்டால் வீட்டில் என்ன சொல்வது என்றுகூட யோசித்தேன்.

கடைசியில் அந்தப் பெண் மறுபடி கரையேறி வந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை, கையில் ஒன்று.

"உத்தரவு வந்துச்சாய்யா?"

"வரலம்மா."

"நான் வூடு வூடா சொல்லிட்டு வந்துட்டேன். எல்லாரும் கோயில் மேட்டுக்குப் போறோம். எங்க மாமியா நடக்க முடியாதவ, கட்டில்ல வச்சித் தூக்கினு போறாங்க. நீங்க உத்தரவு வந்ததும் சாவகாசமா வாங்க."

அவள் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் கலிங்குக்கு ஓடினேன். மடைக்காரர் கடப்பாரையும் கோடாலியும் ஏற்கனவே அங்கே கொண்டுவந்து வைத்திருந்தார்.

பலகைகள் அசையவில்லை. தண்ணீரின் பாரம் அவற்றைத் தூணோடு அறைந்து வைத்திருந்தது. இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இரண்டு பேரும் இறங்கிக் கோடாலியால் பிளந்தோம். முதல் பலகை உடைந்ததும் வந்த வேகத்தில் மடைக்காரர் கால் தவறி விழுந்தார். மீனவர்கள் கயிற்றைப் பிடித்து இழுத்து அவரைத் தூணோடு சேர்த்தார்கள். நெற்றி கிழிந்து ரத்தம் வழிந்தது. "அடுத்தது" என்றார். அவ்வளவுதான்.

எல்லாப் பலகையும் போன பிறகும் ஏரி சட்டென்று இறங்கிவிடுமா? விரற்கடை விரற்கடையாகத்தான் இறங்கியது. கீழே ஊற்று வண்டிச் சக்கரம் அளவு ஆகியிருந்தது. கரைமேல் நான் நின்ற இடத்தில் நூல் மாதிரி ஒரு வெடிப்பு ஓடியது. அதைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

மீனவர்களில் மூத்தவர்தான் ஏரிப் பக்கம் கையை நீட்டினார். "அங்க பாருங்க சாமி, சுழிக்குது." கரையிலிருந்து பத்தடி தூரத்தில், காகிதத் தோரணத்தின் துண்டு ஒன்று வட்டமாகச் சுற்றிச் சுற்றி, உள்ளே போய்விட்டது. தண்ணீர் புகுகிற ஓட்டை அங்கேதான்.

யாரும் சொல்லாமலே அவர் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினார். கழுத்தளவு தண்ணீர். கால்களால் துழாவிக்கொண்டே போனவர் திடீரென்று கத்தினார். "இழுக்குது! கால உள்ள இழுக்குது!" மூன்று பேர் கயிற்றோடு பின்னால் சாய்ந்தோம். முகம் முழுகியது, மறுபடி வெளியே வந்தது. அவரைக் கரையில் இழுத்துப் போட்டபோது தொடைவரை தோல் உரிந்திருந்தது.

"ஆள் நொழையற அளவுக்கு இருக்கு" என்றார். "துணி வேணும். பெரிய துணி."

பந்தலைத் திரும்பிப் பார்த்தோம். பந்தல் கால்களைப் பிடுங்கிக் கித்தானை அப்படியே உருவினோம். குடியிருப்பிலிருந்து கொண்டுவந்த வைக்கோல் கட்டுகளை அதற்குள் வைத்துச் சுருட்டி, படகில் ஏற்றி, சுழிக்குமேல் தள்ளினோம். தண்ணீரே அதை வாங்கிக்கொண்டது. வெள்ளைத் துணி கீழே போவதைப் பார்த்துக்கொண்டே நின்றோம். அதன்மேல் மண் மூட்டைகளைப் போட்டோம். கோயில் மேட்டுக்குப் போன ஆண்கள் திரும்பி வந்து மண் வெட்டினார்கள். ஊற்றின் வாயில் மணல், அதன்மேல் ஜல்லி, அதன்மேல் கல் என்று அடுக்கினோம். தண்ணீர் வரட்டும், மண் வரக்கூடாது, அதுதான் கணக்கு. கரைக்கு அடியில் குனிந்து கல் வைக்கிறபோது ஒவ்வொரு சின்னச் சத்தத்துக்கும் நிமிர்ந்து கரையைப் பார்த்தேன். மாதாவை வேண்டிக்கொண்டேதான் வைத்தேன்.

துரை மோட்டாரில் வந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. கலிங்கில் தண்ணீர் கொட்டுவதையும் பந்தல் இருந்த இடத்தையும் பார்த்து, "யார் உத்தரவு?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

"நான்தான், முசியே."

கீழே அழைத்துப்போனேன். அவர் குனிந்து தண்ணீரை அள்ளி விரலில் தேய்த்தார். முகம் வெளுத்தது. வேகமாகக் கரையேறிப் போய், தூரத்தில் மேடான இடத்தில் நின்றுகொண்டார். அங்கிருந்து கையசைத்து எங்களையும் வரச்சொன்னார். எங்களில் யாரும் போகவில்லை. சாயங்காலம் ஊற்று ஒடுங்கியது. பொழுது சாய்கிற நேரத்தில் மடைக்காரர் ஒரு செம்பில் தண்ணீர் பிடித்து என்னிடம் நீட்டினார். அடியில் மண் இல்லை. நான் அழுதேன்.

பந்தயம் நடக்கவில்லை. எஞ்சினீர் துரையின் உத்தரவுப்படி பலகைகள் உரிய நேரத்தில் அகற்றப்பட்டன என்று இலாகாக் காகிதத்தில் எழுதப்பட்டது. என் பழைய கையெழுத்தை யாரும் தேடி எடுக்கவில்லை.

கோடையில் ஏரி வற்றியதும் அந்த இடத்தைத் தோண்டினோம். கரைக்குள்ளே ஓர் ஆள் தவழ்ந்து போகும்படி குகை இருந்தது. அந்தப் பெண்ணும் மண் சுமக்கிற கூலிக்கு வந்திருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் அவளிடம் போனேன்.

"பலகை போடறதுக்கு முன்னால நான் கீழ எறங்கிப் பாக்கலம்மா. பாத்ததா எழுதிக் குடுத்துட்டேன்."

அவள் தூக்குச் சட்டியை மூடினாள்.

"தெரியும்யா. நாங்க தெனம் அங்கதான இருக்கோம். நீங்க வந்திருந்தா பாத்திருப்பமே." சும்மாட்டைச் சுருட்டிக்கொண்டே, "இந்த வருஷம் வாங்க" என்றாள்.

அடுத்த ஐப்பசியில் முதல் மழை விழுந்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. என் மனைவி, ஏரி இல்லாத இடத்துக்கு மாற்றல் கேளுங்களேன் என்றாள். நானும் கேட்டேன். இரண்டு வருஷம் கழித்துத்தான் கொடுத்தார்கள். அதுவரை மழை நாள் ஒவ்வொன்றிலும், குடை பிடிக்க ஒரு கை, அரிவாளுக்கு ஒரு கை என்று, அந்த அடிவாரம் முழுக்க நடந்தேன். ஈரமான இடம் கண்டால் குனிந்து அள்ளிப் பார்ப்பேன். நரநரக்கிறதா என்று விரலில் தேய்ப்பேன். ஒரு நாளும் அதை விட்டதில்லை.