எட்டு எழுத்தில் ஒரு மலை

கோதண்டராமன் பிளஸ் டூவில் கணக்கில் மட்டும் தேறியவர். உலகம் மற்ற பாடங்களால் ஆனது என்பதால், சிங்கவரம் ரோட்டில் உள்ள தனியார் கல்லூரியில் பதினேழு வருடமாகத் தற்காலிக லேப் அட்டெண்டராக இருந்தார். அவருடைய ராஜ்ஜியம் பன்னிரண்டு கால்குலேட்டர்கள். சமன்பாட்டைத் தட்டினால் குட்டித் திரையில் கோடாக வரைந்து காட்டும் ரகம். அமெரிக்காவுக்குப் போய்விட்ட பழைய மாணவர் ஒருவர் குற்ற உணர்ச்சியில் அனுப்பிவைத்தது. அவற்றின் ஃபைல்களைக் கம்ப்யூட்டரில் சேர்த்துவைப்பதும், வேண்டும்போது கேபிள் மாட்டிப் பன்னிரண்டிலும் ஏற்றுவதும் கோதண்டராமன் வேலை.

ஃபைல் பெயருக்கு எட்டு ஆங்கில எழுத்துக்கு மேல் அந்தக் கால்குலேட்டர் ஏற்காது. ஊர்க் கோட்டையின் மூன்று மலைகளில் கிருஷ்ணகிரியும் சந்திரகிரியும் வால் அறுந்துதான் உள்ளே போகும். ராஜகிரி மட்டும் சரியாக எட்டு. இதைத் தெய்வ சம்மதமாக எடுத்துக்கொண்டு, இரண்டு வருட மத்தியானச் சாப்பாட்டு வேளைகளில் அந்த மலையை நாற்பத்து மூன்று சமன்பாடுகளில் அடைத்தார். பாறைச் சரிவு, மதில், உச்சி மண்டபம் எல்லாம் அப்படியே வந்தன.

கணக்குப் பேராசிரியர் எழிலனும், கால்குலேட்டர் வந்த புதிதில், தன் பெயரிலேயே ஒரு ஃபைல் செய்திருந்தார். அதில் ஒரு படுக்கைக் கோடு இருந்தது. நேராக இருந்தது என்பதை யாரும் மறுக்க முடியாது.

வெள்ளிக்கிழமை தரம் பார்க்கும் குழு வருகிறது என்றதும் எழிலன் மலையைப் பார்த்தார். பார்த்ததும் அது அவருடையதாகிவிட்டது; கோட்டை பிடிக்கிறவர்கள் வழக்கம் அதுதான். மலைக்குத் தன் பெயரை வைத்து ஏற்றச் சொன்னார். ராஜகிரி என்ற பெயரில் எதுவும் மிஞ்சக் கூடாது என்றார். குழு திருப்தியானால் நிரந்தரமாக்குவதாக முதல்வர் ஜெயசுதா சொல்லியிருந்ததால், கோதண்டராமனும் தலையாட்டினார்.

பெயர் மாற்றும்போது கம்ப்யூட்டர் ஒரு சந்தேகம் கேட்டது. இதே பெயரில் ஏற்கெனவே ஒரு ஃபைல் இருக்கிறது, எதை வைத்துக்கொள்ள? கோதண்டராமன் ஃபோன் போட்டார். எழிலன் மேல்மலையனூர் கோயிலுக்குப் போகும் அமாவாசை பஸ்ஸில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தார்.

"சார், ஒங்களுத வெக்கிறதா, என்னுத வெக்கிறதா?"

"என்னுத வைய்யா. ஒன்னுதுன்னு இன்னா இருக்குது அதுல?"

எது யாருடையது என்பது அந்தக் கல்லூரியில் கோதண்டராமனுக்கு மட்டும் மறக்கவில்லை. சார் மனம் திருந்தித் தன் சொந்த உழைப்பையே காட்டத் துணிந்துவிட்டார் என்று நினைத்துக் கொஞ்சம் கண்கூடக் கலங்கினார். படுக்கைக் கோட்டை வைத்துக்கொண்டார். சொன்னபடி ராஜகிரியை அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்தார்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு கால்குலேட்டரிலும் பன்னிரண்டு படுக்கைக் கோடுகள். குழுத் தலைவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். எழிலனுக்கு வியர்க்கக்கூட இல்லை. இது அடிவாரம், இதன்மேல் மலையை மாணவன்தான் எழுப்ப வேண்டும் என்றார். குழு உருகிப்போய் உயர்ந்த தரம் கொடுத்தது. எழிலன் துறைத் தலைவரானார்.

மறுவாரம் ஜெயசுதா கூப்பிட்டனுப்பினார். நிரந்தர உத்தரவு என்று கோதண்டராமன் புதுச் சட்டையில் போனார். உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். இனிப் பார்த்துக்கொள்ள ஒரே ஒரு ஃபைல்தான், அதற்கு ஆள் தேவையில்லை என்று எழிலன் எழுதிக் கொடுத்திருப்பதாக ஜெயசுதா சொன்னார்.

"கோட்டைக்குக் காவல் போடலாம், கோதண்டராமன். கோட்டுக்குப் போடுவாங்களா?"

கேபிளைச் சுருட்டி ஒப்படைத்தார். ஒப்படைத்ததற்கான தாளில் முழுப் பெயரையும் எழுதச் சொன்னார்கள். அதில் எத்தனை எழுத்து வேண்டுமானாலும் எழுதலாம்.