மாரில் கட்டச் சொன்ன மல்லிகை

வேண்டாம் என்று யாராவது சொல்லிவிட்டால் வேணிக்கு அதைச் செய்தே ஆக வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு வேலை எதற்கு என்று கேட்ட புகுந்த வீட்டு வாசலிலிருந்தே தினமும் ஸ்கூட்டரைக் கிளப்பி, ஏரல் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் நடத்தப் போனவள் அவள்.

பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த இடத்தில், பெண் குழந்தை பிறந்த சில நாளிலேயே இடது மார்பில் பால் கட்டிக்கொண்டது. மார்பு சிவந்து கல்லாய் இறுகியது. காய்ச்சலில் உடம்பு தூக்கிப்போட்டது. டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்து, "வலிச்சாலும் பால் கொடுக்கிறத நிறுத்தாத. பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது" என்றார்.

மறுநாள் மாமியார் ஞானம்பாள் ஒரு பந்து மல்லிகைப்பூவோடு வந்து இறங்கினார். மல்லிகையை மார்பில் வைத்துக் கட்டினால் பால் வற்றிவிடும் என்பது அவர் நம்பிக்கை.

"ஏட்டி, ஏன் இப்படிக் கெடந்து சாவுத? இதக் கட்டிக்கிட்டு புட்டிப்பாலக் குடு. காய்ச்சக்காரி பால் பிள்ளைக்கு ஆகாது."

"டாக்டர் குடுக்கச் சொல்லியிருக்காங்க, அத்தை."

"அவளா பிள்ளையப் பெத்தா?"

"நீங்களும் பெறல. இவள நான்லா பெத்தேன்."

அம்மா முறைத்தாள். வேணி கண்டுகொள்ளவில்லை. குழந்தையை எடுத்து, வலிக்கிற பக்கத்திலேயே வைத்தாள். அது பற்றி இழுத்ததும் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டாளே தவிர, பிள்ளையை விலக்கவில்லை. குடிக்கக் குடிக்க, இறுக்கம் கொஞ்சம் இளகியது.

குழந்தை மடியிலேயே தூங்கிய பிறகு, மாமியாருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"பூ வாடுது, அத்தை. தலையில வச்சு விடுங்க."