பொங்கலுக்கு அடித்த வெள்ளை

புயலடித்தால் கடல் எதுவரை ஏறும், கரை எங்கே அரிக்கும் என்று கணிப்பது எங்கள் ஆபீஸின் வேலை. நாவலூரில் ஏ.சி. அறை, சுழல் நாற்காலி, சுவர் முழுக்கக் கலர் கலராய்க் கடற்கரை வரைபடம். நான் கீழ்க்கட்டளையிலிருந்து பஸ் மாறிப் போவேன். ஒரு மழைக்கே எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெள்ள அபாயம் கணிக்கப் போன இன்ஜினியர் நான்.

அந்த வருஷம் புயல் கார்த்திகையில் அடித்தது. உடனே போய்ப் பார்க்கலாம் என்றேன். கரையெல்லாம் சேறாக இருக்கும், கொஞ்சம் காயட்டும் என்றார் எங்கள் சார். அடேயப்பா, என்ன மூளை! வெள்ளத்தை அளக்கத் தரை காய வேண்டுமாம். காய்ந்தது. பொங்கல் லீவெல்லாம் முடிந்து, கடல் பரம சாதுவாய்க் கிடந்த ஒரு வெயில் நாளில், கூலிங்கிளாஸ் சகிதம் கிளம்பினோம்.

நாங்கள் போன மீனவர் குப்பத்தின் கடைசி வீடு, மீன் விற்கும் ஓர் அக்காவுடையது. அதை ஒட்டி ஒரு ரிசார்ட்டின் மதில். எங்கள் வரைபடத்தில் சிவப்பு விழுந்தால் அந்த இடத்துக்கு முன்னால் கரையில் கல் கொட்டுவார்கள். பச்சை என்றால் ஆபத்தில்லை, கல்லும் இல்லை. இது அக்காவுக்கும் தெரிந்திருந்தது. புயலன்று ஜன்னல்வரை தண்ணீர் வந்ததென்று சுவரைத் தொட்டுக் காட்டினார். சுவரோ பளிச்சென்று இருந்தது. பொங்கலுக்கு வெள்ளையடித்திருந்தார்.

சார் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார். தண்ணீர்க் கறையே காணோமே, ஆதாரம் இல்லாமல் எப்படி எழுதுவது என்றார்.

"கறையோடயா சார் பொங்கல் வெப்பாங்க?" என்று கேட்டார் அக்கா.

சார் நேரே ரிசார்ட்டுக்குள் போய்விட்டார். அங்கே மேனேஜர், புயலன்று மாடியிலிருந்து எடுத்த போட்டோக்களை ஆல்பம் போட்டே வைத்திருந்தார். கூடவே இளநீர். ரிசார்ட்டுக்குச் சிவப்பு, அக்கா வீட்டுக்குப் பச்சை. ரிசார்ட்டுக்குள் ஏறிய அலை, பக்கத்து ஓட்டு வீட்டைப் பார்த்ததும் மரியாதையாய் ஒதுங்கிக்கொண்டதாம்! ஆபீஸில் கத்திப் பார்த்தேன். டேட்டா இருந்தால் கொடும்மா என்றார் சார். டேட்டாவாம், மண்ணாங்கட்டி.

கல் ரிசார்ட் மதிலோடு நின்றது. கல் எங்கே முடிகிறதோ அங்கேதான் அலை மண்ணை அதிகமாய் அரிக்கும். எங்கள் தொழிலில் இதுதான் முதல் பாடம். அடுத்த மழைக்காலத்தில் அக்காவின் வாசலும் முன்னறையும் கடலோடு போயின.

பொங்கல் கழிந்து, வேறு வேலையாய் அந்தப் பக்கம் போனபோது அவரைப் பார்க்கப் போனேன். குப்பத்தில் எல்லா வீடும் வெள்ளையடித்துப் புதுசாய் நின்றது. அக்காவுக்கு மிச்சமிருந்த ஒற்றை அறையின் சுவரில் மட்டும், ஜன்னல் உயரத்துக்குப் பழுப்பாய்க் கறை. அவர் என் முதுகுக்குப் பின்னால் சாரைத் தேடினார்.

"இந்தத் தபா வெள்ளையடிக்கலம்மா," என்றார். "அவரு வந்து பாத்துக்கினு போவட்டும். அப்பால அடிச்சிக்கிறேன்."