காற்று வரலாம், வைத்தீஸ்வரன் வரக்கூடாது

கீழ்க்கட்டளையில் பாதி வீட்டு ஏசிகள் மெக்கானிக் ஜாபர் கைபட்டுத்தான் குளிர்கின்றன. அப்பேர்ப்பட்டவருக்கு வாய்த்த மனைவி ஹஃபீசா, கட்டப்போகும் வீட்டில் ஏசியே கூடாது என்றுவிட்டாள்.

“சாயங்காலம் கடல்காத்து சும்மாவே வருது. அந்தக் காத்துல, தலையில துணி இல்லாம, என் ஹால்ல நான் உட்காரணும். எதிர்வீட்டு வைத்தீஸ்வரன் சார் கண்ணுல படக்கூடாது. அவ்ளோதான்.”

வைத்தீஸ்வரன் தங்கமான மனிதர். மாலையானால் பால்கனியில் நின்று உலகத்தைப் பார்ப்பார். அவருடைய உலகம் ஜாபர் மனையின் கிழக்குப் பக்கத்தோடு முடிந்துவிடும்.

இன்ஜினியர் ஷெர்வின் பசுமை வீடுகளைக் கரைத்துக் குடித்தவர். கடல் பக்கமான கிழக்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி ஜன்னலாக வரைந்து வந்தார்.

“காத்து பிச்சுக்கும் சார்.”

“காத்தோட வைத்தீஸ்வரனும்ல வருவாரு, தம்பி?”

“கர்ட்டன் போட்டுக்கலாம்.”

“போட்டா காத்து?”

“ஏசி போட்டுக்கலாம் சார்.”

சோறு போடும் தொழிலின் பெயரைக் கேட்டு ஜாபருக்கு அன்றுதான் முதன்முறையாகப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த வரைபடத்தை ஷெர்வின் பயபக்தியோடு விரித்தார். “உங்க கலாச்சாரத்தை மதிச்சுப் பண்ணியிருக்கேன்.” தண்ணீர்த் தொட்டிக்குக் குவிமாடம், கேட்டுக்கு வளைவு, அதன் உச்சியில் பிறை. ஜன்னல் மட்டும் அதே கண்ணாடி. இத்தனை மரியாதைக்கு நடுவே கழிப்பறைப் பீங்கான், தொழுகைத் திசையான மேற்கை நேர்பார்வையாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

“அத வடக்கு தெக்கா திருப்புப்பா மொதல்ல!” என்று ஜாபர் அலறினார்.

ஹஃபீசா நிதானமாகக் கேட்டாள்: “தண்ணி டேங்க் தொழப் போவுதா, தம்பி? எங்க கலாச்சாரம் மொட்டை மாடியில இல்ல. ஜன்னல்ல இருக்கு.”

ஷெர்வின் நெடுநேரம் தலையைச் சொறிந்தார். “எங்க சர்ச்சுல செங்கலை இடைவெளி விட்டு அடுக்கி ஒரு சுவர் இருக்கு. காத்து வரும். உள்ளேர்ந்து பார்த்தா தெரு தெரியும், பகல்ல தெருவுலேர்ந்து உள்ள ஒண்ணும் தெரியாது. அது சரிப்படுமா?”

“இத மொதல்லியே சொல்றதுக்கு இன்னா?”

“நீங்க முஸ்லிமாச்சேன்னு வேற மாதிரி யோசிச்சுட்டேன் சார்.”

ஜாபர் சுவரில் முட்டிக்கொள்ள நினைத்தார். சுவர் இன்னும் எழும்பவில்லை.

எழும்பிற்று. குடிவந்த முதல் மாலை, இருட்டுமுன்பே கடல்காற்று செங்கல் இடுக்குகளில் புகுந்து ஹஃபீசாவின் அவிழ்ந்த கூந்தலைக் கலைத்தது. பால்கனியிலிருந்து குரல் வந்தது.

“ஜாபர்! எங்க ஏசி ஒழுகுதுப்பா! ஜாபர்!”

வைத்தீஸ்வரன் வேட்டியின் கரைகூட இவர்களுக்குத் தெரிந்தது. அவருக்குச் செங்கல்தான் தெரிந்தது. “யாருமில்ல போலிருக்கு, சந்திரிகா,” என்று மனைவியிடம் சொல்லியபடி உள்ளே போனார்.

ஜாபர் எழப்போனார்.

“உட்காருங்க,” என்றாள் ஹஃபீசா. “டீ ஆறிடும்.”