பதினாலாம் நம்பரின் முதுகில் குங்குமம்

அந்த வாரம் பதினாலாம் நம்பர் ஆட்டுக்கு நான் போட்டது மருந்தா, வெறும் எண்ணெயா? எனக்குக் கல்யாணமாகி, ஒரு பெண்ணும் பிறந்து, அவள் எல்.கே.ஜி.க்கும் போகத் தொடங்கிவிட்டாள். இந்தக் கேள்விக்கு மட்டும் இன்னும் என்னிடம் பதில் இல்லை.

போன செவ்வாய்க்கிழமை ஓசூரில் டாக்டரம்மாவின் கிளினிக்கில் இது மறுபடி கிளம்பியது. எனக்கு இது இரண்டாவது பிள்ளை, மூன்றாம் மாதம். லேசாக உதிரம் பட்டதால், கரு தங்குவதற்கென்று வாரம் ஒரு ஊசி எழுதியிருக்கிறார். நர்ஸ் அந்தச் சின்னக் குப்பியை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து உருட்டினாள். "எண்ணெ மருந்துக்கா. சூடு பண்ணாத்தான் எறங்கும்," என்றாள். நான் வாங்கி லேபிளைப் படித்தேன். கொடுத்துவிட்டு மறுபடி வாங்கிப் படித்தேன். "டீச்சராக்கா நீங்க?" என்று கேட்டாள். ஆட்டுக்கு ஊசி போட்டவள் என்று சொல்ல வாய் வரவில்லை.

புரொஜெஸ்டிரோன். அதே பெயர். நானும் இப்படித்தான் உருட்டுவேன்.

விலங்கியல் படித்து முடித்ததும் ஓசூருக்கு வெளியே ஒரு ஆட்டுப் பண்ணையின் ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். எனக்கு மேலே இருந்த மேடம் அங்கே டாக்டர் பட்டத்துக்காக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். செம்மறியின் கர்ப்பப்பைக்குள் சுரக்கும் புரதங்களை எந்த ஹார்மோன் ஆட்டிவைக்கிறது என்பதுதான் விஷயம். எங்கள் அப்பா இதை உறவுக்காரர்களிடம் "கவர்மெண்டு மாதிரி வேல" என்று சுருக்கிவிட்டார். அதுவும் நல்லதுக்குத்தான்.

ஆட்டின் சொந்த ஹார்மோன் குறுக்கே வரக் கூடாது என்பதற்காக, பண்ணையின் சர்ஜரி டாக்டர் முதலில் சினைப்பைகளை எடுத்துவிடுவார். பிறகு தினம் காலையில் சில ஆடுகளுக்கு எண்ணெயில் கரைத்த மருந்து, மற்றவற்றுக்கு ஒப்பிட்டுப் பார்க்க வெறும் எண்ணெய். மருந்துக் கூட்டத்துக்கு முதுகில் சிவப்பு பெயிண்ட், எண்ணெய்க் கூட்டத்துக்கு மஞ்சள். காதில் டேக் என்கிற நம்பர் வில்லையும் உண்டு. கடைசியில் ஆடுகளை அறுத்து, கர்ப்பப்பையை உப்புத் தண்ணீரால் அலசி, அந்தத் தண்ணீரில் உள்ள புரதங்களைக் கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஜெல்லில் ஓடவிட்டு, நீலச் சாயத்தில் ஊறப்போடுவோம். அதிகச் சாயத்தைப் போக்க அசிட்டிக் அமிலம். அந்தப் புளித்த வாடை துப்பட்டாவை விட்டுப் போகவே போகாது. ஹாஸ்டலில் என் அறைத்தோழி திருநெல்வேலிக்காரி, வாட்ச் கம்பெனியில் ஷிப்டு. "ஏட்டி, நீ ஊறுகா கம்பெனிக்குத்தான் போற. சும்மா ஆராய்ச்சின்னு அளக்காத," என்பாள்.

மருந்து போட்ட ஆடுகளின் வரிசையில் மட்டும் ஜெல்லில் ஒரு பட்டையான நீலக் கோடு தெரியும். மேடம் அதைக் கர்ப்பப்பைப் பால் என்பார். உள்ளே வளரப்போகும் குட்டிக்கான ஊட்டம். குட்டியே இல்லாவிட்டாலும் ஹார்மோன் சொன்னால் போதும், கர்ப்பப்பை சுரந்து வைத்துக்கொண்டு காத்திருக்கும். ஆடுகளைப் பார்த்துக்கொண்ட திம்மக்காவிடம் இதைச் சொன்னேன். திம்மக்கா ஆடுகளோடு கன்னடம், என்னோடு தமிழ், கோபம் வந்தால் தெலுங்கு. அன்று கையிலிருந்த தீவனக் கூடையைக் கீழே வைத்தாள். பிறகு, "குட்டி இல்ல, பாலு மட்டும் சொரக்குதா? யாருக்கும்மா அது, பாவம்?" என்றாள்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு ஓசூரே மஞ்சளும் வாழைக்கன்றுமாக இருந்தது. நாங்களும் சென்டிரிஃபியூஜ் மிசினுக்குப் பொட்டு வைத்து, பொரிகடலை பங்கிட்டோம். டாக்டர் தன் கத்திப் பெட்டிக்குத் தானே சந்தனம் வைத்துவிட்டு விசிலடித்துக்கொண்டு போனார். எப்போதும் விசிலடிப்பார். திம்மக்கா கொட்டிலில் இருந்தபடி கேட்டாள்: "மிசினுக்கெல்லாம் பொட்டு. தெனம் ஊசி வாங்கற ஜீவனுக்கு ஒண்ணுமில்லயா?" அவளே மஞ்சளும் குங்குமமும் குழைத்து ஒவ்வொரு ஆட்டுக்கும் நெற்றியில் வைத்தாள். மனசு நிறையாமல் முதுகிலும் பூசிவிட்டாள். இரவு தூறல் போட்டது. காலையில் பார்த்தால் பெயிண்டும் குங்குமமும் மஞ்சளும் கம்பளியில் ஊறி, பாதி ஆடுகள் ஒரே காவி நிறம்.

மேடம் அந்த வாரம் லீவு. ஊசி என் பொறுப்பு. அன்று விஜயதசமி, நாகரசம்பட்டியில் எங்கள் வீட்டுக்கு என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். கிருஷ்ணகிரி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். திம்மக்கா ஒவ்வொன்றாகப் பிடித்து நிறுத்த, நான் போட்டுக்கொண்டே வந்தேன். காது வில்லையைத் தேய்த்துப் பார்த்தேனா, முதுகை மட்டும் பார்த்தேனா? நோட்டில் எல்லாவற்றுக்கும் டிக் இருந்தது. ஆனால் டிக்கை எப்போதும் கடைசியில், டீ குடித்துக்கொண்டே, வரிசையாகப் போடுவேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மறுநாளிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்களோ என்ற யோசனை. அந்த நிறமும் வாரம் முழுக்கப் போகவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஜெல்லில், வெறும் எண்ணெய் வாங்க வேண்டிய பதினாலாம் நம்பரின் வரிசையில், மங்கலாக அந்த நீலக் கோடு.

மேடம் என்னைக் கூப்பிட்டார். "டேக் பாத்துத்தானே போட்ட?"

"ஆமா மேடம்."

அவ்வளவுதான். அவர் இரண்டாவது தடவை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. சினைப்பையில் ஒரு துணுக்கு உள்ளே தங்கியிருக்க வேண்டும் என்று முடிவு செய்து, பதினாலை ஒதுக்கிவிட்டு, அதற்குப் பதில் இன்னொரு ஆட்டைச் சினைப்பை அறுவை சிகிச்சைக்குக் கொண்டுவரச் சொன்னார். டாக்டர், "எங் கையிதான் சரியில்ல போல, விடுங்க," என்று சிரித்தார். ஆனால் அந்த ஆட்டுக்குத் தையல் போடுமுன் இரண்டு தடவை, மூன்று தடவை உள்ளே பார்த்தார். அதற்குப் பிறகு அவர் விசிலடித்து நான் கேட்கவில்லை. தை மாதம் எனக்குக் கல்யாணம். வேலையை விட்டேன்.

ஒரு துணுக்கு நிஜமாகவே தங்கியிருக்கலாம். அப்படியென்றால் நான் யாருக்கும் தீங்கு செய்யவில்லை. தினமும் இதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

இப்போது அந்தக் கொட்டில் இல்லை. அங்கே ஒரு கம்பெனியின் காம்பவுண்டு சுவர். திம்மக்காவை ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். அதே கம்பெனியில் பெருக்குகிறாளாம், நீலச் சேலை யூனிஃபார்ம். "இங்கயும் பூசைக்கு மிசினுக்குப் பொட்டு வெக்கறாங்கம்மா. என்னியத்தான் கிட்ட விடமாட்டாங்க," என்று சிரித்தாள். குங்குமத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்டால் அவள் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்வாள்.

நாளை மறுநாள் அடுத்த ஊசி. உள்ளே இருப்பது தங்க வேண்டும், அது போதும் எனக்கு. நர்ஸ் குப்பியை உருட்டும்போது மறுபடி வாங்கி லேபிளைப் படிக்கத்தான் போகிறேன். பண்ணையில் இருந்த அந்த சர்ஜரி டாக்டர் இப்போது எந்த ஊரில் வேலை செய்கிறார் என்று விசாரித்து முகவரியும் வாங்கி வைத்திருக்கிறேன். தப்பு செய்தேன் என்று எழுத முடியாது, அது எனக்கே தெரியாது. நிச்சயமில்லாமலே வில்லையைப் பார்த்தேன் என்று அன்று சொன்னது மட்டும்தான் பொய். இத்தனை வருஷம் கழித்து அதை எழுதினால் அவருக்கு ஆறுதலா, என் பாரத்தை அவர் தலையில் இறக்குவதா? படிக்கிறவர்கள் யாராவது சொல்லுங்கள். எழுதத்தான் வேண்டுமென்றால், முதல் வரியை எப்படித் தொடங்குவது என்றும் சொல்லுங்கள்.