என் பெயரில் எடுத்த படம்

சாட்சி சொல்ல எழுந்து நிற்கிறவர்கள் பெரும்பாலும் கண்ணீரோடு ஆரம்பிப்பார்கள். நான் கோபத்தோடு ஆரம்பிக்கிறேன். பிடிக்காதவர்கள் பக்கத்தைத் திருப்பிவிட்டுப் போகலாம். எல்லோருக்கும் பிடித்த மாதிரி ஒரு சாட்சியை நான் ஏற்கெனவே சொல்லியாயிற்று. இத்தனை துன்பமும் அதிலிருந்துதான் வந்தது.

என் பெயர் ஞானம். ஹட்டனுக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். அறுபத்திரண்டாம் வருஷம் பங்குனி மாதம் எனக்கு இருமல் பிடித்தது. மூன்று மாதம் விடவே இல்லை. தோட்டத்து டாக்டரையா காய்ச்சலுக்கும் வயிற்று வலிக்கும் கொடுக்கிற அதே சிவப்புத் தண்ணீரை எனக்கும் ஊற்றிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை ஜெபவீட்டில் எல்லோரும் எனக்காக முழங்கால் போட்டார்கள். ஆனி மாதக் கடைசியில் இருமல் நின்றுவிட்டது. நான் எழுந்து நின்று, "கர்த்தர் என் நெஞ்சைத் தொட்டார், இனி எனக்கு எந்த டாக்டரும் தேவையில்லை" என்று சொன்னேன். இரண்டாவது பாதியை யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. உபதேசியார் அதைப் பக்கத்துத் தோட்டங்களிலும் போய்ச் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இப்போது பேச்சாயியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் என் வீட்டுக்காரரின் செத்துப்போன அண்ணன் மனைவி. தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்தில் எங்கள் ஒரே காம்பராவை நடுவே சாக்குப் படுதா கட்டிப் பிரித்திருந்தோம். இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவள். நாங்கள் வேதத்துக்கு வந்தவர்கள். அவள் மாரியம்மனை விடவில்லை. அது கூடப் பரவாயில்லை. அவள் சுருட்டுக் குடிப்பாள். அந்தப் புகை படுதாவைத் தாண்டி வந்து என் பிள்ளைகளின் போர்வையில் படியும். கங்காணியைக் கைநீட்டி அடித்ததற்காக தோட்டத்து ஆள் பதிவான செக்ரோலில் அவள் பெயரை வெட்டி ஐந்து வருஷம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு யாருக்காவது உடம்பு முடியாவிட்டால் அவர்கள் பெயருக்கு இவள் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போவாள். காலையில் வேலைக்கு ஆள் எடுக்கிற பெரட்டில் பெயர் கூப்பிடும்போது கம்பளியைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு அந்தப் பெயருக்குக் குரல் கொடுப்பாள். சம்பளத்தில் பாதி அவளுக்கு. கங்காணிக்கும் தெரியும். ஆள் கணக்கு சரியாக இருந்தால் அவருக்குப் போதும்.

எனக்கு அவளைப் பிடிக்காது. ஏழு மாதம் அவளோடு பேசவில்லை. பேசாமல் இருந்தது மட்டும் அல்ல. "ஆண்டவரே, இவளை என் வீட்டைவிட்டு எடுத்துவிடும்" என்று தினமும் ஜெபம் பண்ணினேன். எந்த வழியில் எடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எந்த வழியாக இருந்தாலும் சரி என்றுதான் மனதில் இருந்தது. சகோதரிகளே, முகம் சுளிக்காதீர்கள். உங்கள் ஜெபங்களையும் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து எழுதினால் தெரியும்.

ஆவணியில் நெஞ்சைப் படம் பிடிக்கிற வண்டி எங்கள் தோட்டத்துக்கு வந்தது. காசம் இருக்கிறவர்களைக் கண்டுபிடிக்க என்று சொன்னார்கள். லயமே நடுங்கியது. நெஞ்சில் நிழல் தெரிந்தால் பெயரை வெட்டிவிடுவார்கள், பெயர் போனால் காம்பரா போகும், காம்பரா போனால் கப்பல் ஏற்றி இந்தியாவில் மண்டபம் முகாமில் இறக்கிவிடுவார்கள் என்று பேச்சு. எந்த நாட்டுக் காகிதமும் கையில் இல்லாத எங்களுக்குப் பெயர்தான் எல்லாம். கங்காணி லயத்து வாசலில் நின்று கத்தினார்: "படம் புடிக்காதவளுக்கு நாளைக்குப் பெரட்டுல பேர் இல்ல. இப்பவே சொல்லிப்புட்டேன்!"

நான் எப்படிப் போய் வரிசையில் நிற்பேன்? டாக்டரே வேண்டாம் என்று சொன்னவள் நிற்கிறாள் பார் என்று சிரிக்க மாட்டார்களா? வெளியே சொன்ன காரணம் இது. உள்ளே வேறொன்று இருந்தது. நிழல் இன்னும் அங்கேயே இருந்தால் என்ன செய்வது என்ற பயம். கர்த்தர் தொட்டார் என்று ஊருக்குச் சொன்னவளுக்கு அந்தப் பயம் இருந்தது.

படுதாவைப் பார்த்துப் பேசினேன். "அக்கா, நாளைக்கு என் பேருக்கு நீங்க போய் நிக்கிறீங்களா?"

"என்ன, உங்க சாமி படம் புடிக்க வுடமாட்டாரா?"

"ஒரு கட்டு சுருட்டு வாங்கித் தாறேன்."

"ரெண்டு கட்டு."

அந்தச் சுருட்டை நானே டவுனில் முஸ்லிம் காக்கா கடையில் வாங்கி வந்து படுதாவுக்குக் கீழே தள்ளிவிட்டேன். மறுநாள் பேச்சாயி என் கம்பளியைப் போட்டுக்கொண்டு, என் பெயருக்குக் குரல் கொடுத்து, அந்த வண்டிக்குள் ஏறி இறங்கினாள்.

ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. ஞானம் என்பவரின் வலது நெஞ்சில் நிழல் இருக்கிறது, உடனே கொழும்பு ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்று டாக்டரையா பெரட்டுக் களத்தில் எல்லோர் முன்னாலும் வாசித்தார். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லக்கூட அவருக்கு மனமில்லை.

அன்றைக்கே ஆரம்பித்தது. பீலியில் நான் தண்ணீர் பிடிக்கப் போனால் மற்றவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு விலகினார்கள். வேலை நேரத்தில் பிள்ளைகளை விட்டுப் போகிற பிள்ளைக்காம்பராவில் என் சின்ன மகனைத் தனியாக உட்கார வைத்தார்கள். ஜெபவீட்டில் என் பாயைச் சுற்றி ஒரு முழம் இடம் விட்டார்கள். எனக்காக முழங்கால் போட்ட அதே சகோதரி, "ஏதோ பாவம் பண்ணியிருக்கா, அதான் திரும்பி வந்திருக்கு" என்று என் காதில் விழும்படி சொன்னாள். எனக்கு அவள் மயிரைப் பிடித்து இழுக்க வேண்டும் போல இருந்தது. ஏனென்றால் அந்த நெஞ்சு என்னுடையது இல்லை என்று எனக்குத் தெரியும்.

பேச்சாயிக்கும் தெரியும். படுதாவுக்கு அந்தப் பக்கம் அவள் துணியை வாயில் அடைத்துக்கொண்டு இருமினாள். நான் கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன். உண்மையைச் சொன்னால் என் சாட்சி நாறிப்போகும், என் பெயரும் என் வீட்டுக்காரர் பெயரும் வெட்டுப்படும். சொல்லாவிட்டால் அவள் செத்துப்போவாள். அவள் போக வேண்டும் என்றுதானே நான் கேட்டேன்? என் ஜெபத்துக்குப் பதில் வந்துவிட்டது. பன்னிரண்டு நாள் நான் வாய் திறக்கவில்லை.

பதின்மூன்றாம் நாள் காலையில் பீலியில் அவள் துப்பியதில் ரத்தம் பார்த்தேன். "அக்கா, ஆஸ்பத்திரிக்கு வாங்க" என்றேன்.

"எந்தப் பேர்ல? எனக்குத்தான் பேரே இல்லையே."

"என் பேர்லயே வாங்க. கடுதாசி இருக்கு. நான் தொணைக்கு வாறேன்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்பவும் உண்மையச் சொல்லமாட்டே நீ" என்றாள். ஆனால் வந்தாள். காலை ரயிலில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து கொழும்புக்குப் போனோம்.

அங்கே பல சோதனைகள் செய்தார்கள். கடைசியில் டாக்டர் கூப்பிட்டார். அவர் சிங்களத்தில் சொல்ல, தமிழ் தெரிந்த ஒரு நர்ஸ் மிஸ்ஸி எங்களுக்குச் சொன்னாள். இது காசம் இல்லை, நுரையீரலில் புற்றுக் கட்டி. சின்னதாக இருக்கும்போதே படத்தில் பிடிபட்டதால் அறுத்து எடுக்கலாம். அதற்குப் பிறகு ஒரு புது ஊசியைச் சோதித்துப் பார்க்கிறார்கள். சம்மதிக்கிறவர்களில் சிலருக்கு அந்த ஊசி போடுவார்கள், சிலருக்குப் போட மாட்டார்கள். யாருக்கு என்பது ஒட்டிய உறைக்குள் இருக்கும், டாக்டரும் தேர்ந்தெடுக்க முடியாது. சம்மதிக்காவிட்டாலும் வைத்தியத்தில் குறை வைக்க மாட்டார்கள். சம்மதித்தால் வருஷக்கணக்கில் வந்து காட்ட வேண்டும்.

மிஸ்ஸி ஒரு கார்டை எடுத்து எழுத ஆரம்பித்தாள். பெயர்? ஞானம் என்றாள் பேச்சாயி. வயது? முப்பத்திநாலு. அவளுக்கு ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகள்? மூன்று. அவளுக்குப் பிள்ளையே இல்லை. பீடி, சுருட்டுப் பழக்கம் உண்டா?

பேச்சாயி என்னைப் பார்த்தாள். ஞானத்துக்கு அந்தப் பழக்கம் கிடையாதே. "இல்லீங்க" என்றாள்.

டாக்டர் அவளுடைய கறுத்த உதட்டையும் விரலையும் பார்த்துவிட்டு ஏதோ கடுமையாகச் சொன்னார். மிஸ்ஸி சொன்னாள்: "இந்தக் கார்டுல எழுதுறத நம்பித்தான் பின்னால வாற நோயாளிகளுக்கும் வைத்தியம் பண்ணுவாங்களாம். இதுல பொய் இருந்தா, யாருன்னே தெரியாத ஆளுங்களுக்கு எல்லாம் கெடுதியாம்."

என் சாட்சியைக் கேட்டுவிட்டு, பக்கத்துத் தோட்டங்களில் எத்தனை பேர் படம் பிடிக்கப் போகாமல் இருந்தார்களோ? அது வரைக்கும் நான் அதை நினைத்துப் பார்த்ததே இல்லை. எழுந்து நின்று சொல்லிவிட்டேன். "ஞானம் நான்தாங்க. இவங்க பேர் பேச்சாயி. சுருட்டுக் குடிப்பாங்க. என் பேருக்கு வண்டியில ஏறினாங்க. நான்தான் ஏத்திவுட்டேன்." டாக்டருக்குக் கோபம் வந்து மேசையில் அடித்தார். பிறகு அந்தக் கார்டைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை எடுக்கச் சொன்னார்.

பேச்சாயி கேட்டாள்: "அந்த ஊசி நல்லதுங்களா, கெட்டதுங்களா?"

"டாக்டருக்கே இன்னும் தெரியாதாம். அதத் தெரிஞ்சுக்கத்தான் இவ்வளவும்."

"தெரியாததத் தெரியாதுன்னு சொல்றாரே இந்த மனுஷன்," என்று என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள் அவள். "கொண்டாங்க, கைநாட்டு வைக்கிறேன்."

என்னையும் அங்கே படம் பிடித்தார்கள். என் நெஞ்சில் ஒன்றுமே இல்லை.

அறுவை நடந்த நாள் காலையிலிருந்து நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அப்போது செய்த ஜெபத்தை அப்படியே எழுதுகிறேன், அலங்காரம் எதுவும் இல்லை. "ஆண்டவரே, இவளை எடுத்துவிடும் என்று நான்தான் கேட்டேன். இப்போது வேண்டாம் என்கிறேன். எனக்கு இவளைப் பிடிக்காது. இன்றைக்கும் பிடிக்கவில்லை. ஆனாலும் திருப்பிக் கொடும்." திரும்பத் திரும்ப இதையே சொன்னேன். மத்தியானத்துக்கு மேல் மிஸ்ஸி வந்து, கட்டியை எடுத்துவிட்டார்கள், வேறெங்கும் பரவவில்லை, கண் திறந்துவிட்டாள் என்றாள். நான் அந்த பெஞ்சிலேயே குப்புற விழுந்து அழுதேன்.

அடுத்து உறையைப் பிரித்தார்கள். ஊசி விழ வேண்டும் என்று உபவாசம் இருந்தேன். ஊசி இல்லாத பக்கம்தான் விழுந்தது. அன்றைக்கு ஆண்டவரோடு நான் போட்ட சண்டையை இங்கே எழுத முடியாது. ஆனால் அவள் தேறினாள். ஊசி போட்டவர்களில் பிழைத்தவர்களும் இருக்கிறார்கள், போனவர்களும் இருக்கிறார்கள். போடாதவர்களிலும் அப்படியே. அதில் அவர் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி இனிமேல் சொல்லவும் மாட்டேன்.

தோட்டத்துக்குத் திரும்பியதும் ஜெபவீட்டில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். என் இருமல் நின்றதற்கு நன்றி சொல்கிறேன், ஆனால் டாக்டர் வேண்டாம் என்று கர்த்தர் என்னிடம் சொல்லவில்லை, அது என் வாய்க்கொழுப்பு என்றேன். உபதேசியார் பாதியிலேயே பாட்டு ஆரம்பித்துவிட்டார். நான் பாட்டுக்கு மேலே கத்திச் சொல்லி முடித்தேன். கங்காணிக்குத் தோட்டத்துப் பெரிய அதிகாரியான துரையிடம் வசவு கிடைத்தது. எனக்கு ஒரு மாதம் பெரட்டில் பெயர் இல்லை. என் வீட்டுக்காரர் அதைவிட அதிக நாள் என்னோடு பேசவில்லை. சில சகோதரிகள் இன்றைக்கும் என் பக்கத்தில் பாய் போடுவதில்லை. போடாவிட்டால் போகட்டும்.

வேறு சிலர், "உன் பொய்யைக்கூட ஆண்டவர் எடுத்து உபயோகித்தாரே, நீயே போயிருந்தால் அவளை யார் படம் பிடித்திருப்பார்கள்" என்று சந்தோஷப்படுகிறார்கள். அவர்கள் மேல்தான் எனக்கு அதிகக் கோபம். அவர் இரக்கமுள்ளவர், அதனால் பிழைத்தோம். அதற்காக என் பொய்க்குக் கைதட்டாதீர்கள்.

நீங்களும் அவரை நம்புங்கள். கோபமாக இருந்தால் கோபமாகவே கேளுங்கள், அவர் தாங்குவார். நான் பயத்தில் கேட்டதையும், பகையில் கேட்டதையும், பிறகு வெட்கத்தில் கேட்டதையும் கேட்டுக்கொண்டவர் அவர். ஆனால் வண்டி வந்தால் போய் நில்லுங்கள். என்ன நோய் என்று தெரிந்துகொண்டு ஜெபம் பண்ணினால் அவருக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

மூன்று வருஷமாகிறது. பேச்சாயி இன்னமும் மாரியம்மனுக்குத்தான் விளக்கு வைக்கிறாள். சுருட்டை விட்டுவிட்டாள், வாயை விடவில்லை. நாங்கள் சண்டை போடாத நாள் குறைவு. ஆறு மாதத்துக்கு ஒரு தரம் அவளைக் காட்டுவதற்குக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். முதல் முறை போனபோது கூட்டமாக இருந்தது. மிஸ்ஸி கதவைத் திறந்து, "பேச்சாயி" என்று கூப்பிட்டாள். இவள் அசையவில்லை. திரும்பவும் கூப்பிட்டாள். எத்தனையோ பேருடைய பெயருக்கு உடனே குரல் கொடுத்த மனுஷி, யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று சும்மா உட்கார்ந்திருந்தாள். நான் முழங்கையால் இடித்தேன்.

"உங்களத்தான் அக்கா. எந்திரிங்க."